பிள்ளைகளின் பெயரைக் காத்தல்
(மண்டி மொஹல்லாத் தமிழ்ச் சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுவிழா மேடையில் இலக்கியம் பேசுதலே மரபு. யாமோ படிவங்களையும் நகல்களையும் பற்றிப் பேச வந்துள்ளோம். எழுத்தர் வேலையில் இருப்பவர்க்கு வேறென்ன தெரியும் என்று அன்பர்கள் நகைக்கலாம். முழுவதும் கேட்டபின் நகைக்குமாறு வேண்டுகிறோம்.

நம் காலனியில் ஒரு குடும்பம். பையனுக்குப் பதினெட்டு வயது நிரம்பியது. பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்தது. தந்தையும் மகனும் கல்விக்கடன் வேண்டி வங்கிக்குச் சென்றனர். அங்கே, அவன் பெயரில் ஏற்கெனவே இரண்டு சிறு கடன்கள் வாங்கப்பட்டு, ஒரு தவணையும் கட்டப்படவில்லை என்றனர். கடன் வாங்கிய நாளில் அவனுக்கு வயது பதினாறு! தந்தை முதலில் மகன்மீதே ஐயுற்றார். மகன் இரண்டு நாள் உணவு கொள்ளவில்லை. பின்னரே நினைவு வந்தது: உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம், பையனின் ஆதார் நகலையும் பான் அட்டையையும் கையொப்பமிட்ட வெற்றுத் தாளையும் கொடுத்திருந்தனர். முதல் பருவக் கட்டணத்தைத் தாயின் வளையலை அடகு வைத்தே கட்டினர். பதிவு திருந்தப் பல மாதங்கள் ஆயின.

இதனையே அடையாளத் திருட்டு என்கிறோம். வீட்டில் களவு போனால் மறுநாளே தெரியும். பிள்ளையின் பெயர் களவு போனால், அப்பிள்ளை வளர்ந்து வேலைக்கோ கடனுக்கோ செல்லும் நாளில்தான் தெரியும். கள்வன் குழந்தையைத் தேடி வரும் காரணம் அதுவே.

இஃது எங்கோ ஓரிடத்தில் நிகழ்ந்த அருஞ்செய்தி அன்று. 2020ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில், சிறுபான்மை மாணவர்க்கு மத்திய அரசு வழங்கிய உதவித்தொகையில் நடந்த மோசடியைச் செய்தித்தாள்கள் வெளிக்கொணர்ந்தன. தரகரும் வங்கி முகவரும் பள்ளி ஊழியரும் கூடி, ஆதார் எண்ணையும் கைரேகையையும் பெற்று, மாணவர் பெயரில் வந்த பணத்தைத் திருப்பிக்கொண்டனர். பின்னர் அமைச்சகம் பல மாநிலங்களில் 1,572 நிறுவனங்களை ஆராய்ந்ததில், 830 போலியானவை அல்லது இயங்காதவை என்று கண்டது. ஐந்தாண்டில் ஏற்பட்ட இழப்பு 144.83 கோடி ரூபாய். 2023இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. பணம் அரசினுடையது, ஆனால் களவு போன பெயர்களில் ஏழை மாணவர்களின் பெயர்களும் இருந்தன.

நிற்க. புலம்பெயர்ந்து வந்த நமக்கு இத்தொல்லை இருமடங்கு. ஏன்? முதற் காரணம் மொழி. கன்னடப் படிவத்தைப் படிக்கத் தயங்கி, அசல் சான்றுகளையே தரகர் கையில் கொடுத்துவிடுகிறோம். இரண்டாவது காரணம் பெயர். நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். இங்குள்ள படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். பிறப்புச் சான்றில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஆதாரில் ஒன்று என ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள் ஏற்படுகின்றன. நாளை ஒருவன் அப்பெயரைத் திருடினால், 'நானே உண்மையானவன்' என்று மெய்ப்பிக்க நம் பிள்ளை திணறும். ஆதலின் முதற் கடமை, எல்லாச் சான்றுகளிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றுபடுத்துவதே.

இனி, காக்கும் வழிகள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் ஆதாரில் கைரேகை எடுப்பதில்லை. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையும் கண்மணிப் பதிவும் கட்டாயம் தரவேண்டும். 5 முதல் 7 வரையும், 15 முதல் 17 வரையும் அதற்குக் கட்டணமில்லை. அப்போது நம் கைப்பேசி எண்ணையே பதிய வேண்டும்; கடைக்காரர் எண்ணைப் பதியவிடுதல் ஆகாது. கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். நகல் தரவேண்டின், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தருக. அதன்மேல் எதற்காக, யாருக்கு, எந்நாளில் தந்தோம் என்று குறுக்கே எழுதுக. ஜெராக்ஸ் கடையில் பிள்ளையின் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுத்தால், கடைக்காரர் கருவியிலிருந்து அதனை நம் கண்முன்னே அழிக்கச் சொல்க. ஓ.டி.பி. எண்ணை உறவினரே கேட்பினும் சொல்லற்க.

பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமாகாது என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் நம் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி என்பதை இம்மாநிலத்தில் வாழும் நாம் நன்றியுடன் நினைக்கலாம். 2023இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பதினெட்டு நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது.

இத்துணையும் செய்தும் களவு நேர்ந்தால்? முதலில், பிள்ளையைக் கடிந்துரைக்காதீர். கடிந்தால் அடுத்த முறை நம்மிடம் சொல்லாது. குறுஞ்செய்திகளை அழிக்காமல், நாளும் நேரமும் குறித்துவைக்க வேண்டும். பணம் போயிருப்பின் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். நகர சைபர் குற்றக் காவல் நிலையத்திலும் எழுத்தால் புகார் தந்து, ஒப்புகைச் சீட்டு பெறவேண்டும். ஆதார் பற்றி 1947 என்னும் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அது நாடு விடுதலை பெற்ற ஆண்டு, மறக்கவொண்ணாது. பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது.

கடன் எழுதப்பட்டிருப்பினும் கலங்கற்க. வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று, கல்கத்தாவைச் சேர்ந்த தர்மோதாஸ் கோஷ் வழக்கில் 1903ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் முடிவு கூறிவிட்டது. தம் பிள்ளையே வாங்காத கடனுக்கு எந்தத் தாய் தந்தையர் அஞ்சவேண்டும்? பிறப்புச் சான்றையும் புகார் நகலையும் வைத்து வங்கிக்கும் கடன் தகவல் நிறுவனத்திற்கும் எழுத வேண்டும். முப்பது நாளில் திருத்தாவிடின், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. கடன் அறிக்கையை ஆண்டுக்கொரு முறை இலவசமாகப் பெறலாம். பதினெட்டாம் பிறந்தநாளில் பிள்ளைக்குப் புத்தாடை எடுப்பதோடு அவ்வறிக்கையையும் எடுத்துப் பார்ப்பீராக.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த நம் கல்லூரி மாணவர் இருவர், மாதம் ஒரு ஞாயிறு இங்கமர்ந்து, படிவம் நிரப்ப உதவினால், தரகரை நாடும் தேவை பாதி குறையும். மேற்சொன்ன பையனே முதலில் முன்வந்துள்ளான். இன்னொருவர் வேண்டும்.

ஊரை விட்டு வந்தபோது நிலத்தையும் வீட்டையும் பின்னே விட்டு வந்தோம். பெயரை மட்டுமே உடன் கொணர்ந்தோம். அதனைப் பழுதின்றிப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போமாக.