வந்த வழியை வைத்தியரிடம் சொல்லுங்கள்



இன்று ஒரு தட்டைப்புழுவைப் பற்றிப் பேசப்போகிறேன். அதற்கு, நான் கனகாலம் மறைத்துவைத்த ஒரு பயணத்தையும் சொல்லவேண்டும்.

1996இல் கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரர் எங்களை நாலு மாதம் கானாவில் வைத்திருந்தார். பக்கத்தில் வோல்ட்டா ஏரி. ஊர்க் குளம் என்ற நினைப்பில் மத்தியான வெயிலில் இறங்கிக் குளித்தோம்.

2000இல், ரெக்ஸ்டேலில் இருக்கும்போது, சலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. "எந்தெந்த நாடுகளில் இருந்தீர்கள்?" என்று வைத்தியர் கேட்டார். "இலங்கை மட்டும்" என்றேன். வழியைச் சொன்னால் அகதி வழக்குப் பிழைத்துவிடும் என்ற பயம். வழக்கு முடிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. இலங்கையில் இந்த நோய் மனிதருக்கு வருவதில்லை. அவர் எப்படிச் சந்தேகிப்பார்? கல்லோ, புற்றுநோயோ என்று மாதக்கணக்காகச் சோதனைகள். வீட்டில் ஒருவருக்கும் நித்திரையில்லை.

கடைசியில் வேலையிடத்துச் சோமாலிய நண்பர்தான் கேட்டார்: "ஆபிரிக்காவில் ஆற்றில், ஏரியில் குளித்தாயா? ஜூபா ஆற்றங்கரையில் எங்கள் பொடியன்களுக்கு இது வாறதுதான்."

அடுத்த நாளே வைத்தியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். சலத்தில் புழுவின் முட்டைகள் இருந்தன.

இந்தப் புழுவை 1851இல் கெய்ரோவில் கண்டுபிடித்தவர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர். அவர் பெயரால் நோய்க்குப் பில்ஹார்சியா என்று பெயர். நோயாளியின் சலத்தோடு முட்டை தண்ணீரில் சேரும். பொரித்த குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு வெளியே நீந்திவந்து, குளிப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். 1965இல் அக்கொசோம்போ அணை கட்டி வோல்ட்டா ஏரி உருவானதும், தேங்கிய தண்ணீரில் நத்தை பெருகி நோயும் பெருகியது.

சலப்பையைச் சுற்றிய இரத்த நாளங்களில் இப்புழு பல வருடம் உயிரோடிருக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் பழுதாகலாம். சலப்பையில் புற்றுநோயும் வரலாம். ஆனால் ஒருவரைத் தொடுவதால் மற்றவருக்குத் தொற்றாது. மருந்தும் உண்டு. பிராசிகுவாண்டல் குளிசையை ஒரே நாளில் எடுத்தேன், சுகமானேன்.

நேயர்களே, எங்களில் பலர் ஆபிரிக்க நாடுகள் வழியாக வந்தவர்கள். அங்கே ஆறு, ஏரிகளில் குளித்திருந்தால், இன்று வருத்தம் ஒன்றும் தெரியாவிட்டாலும், குடும்ப வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நோயாளி சொன்னதை இரகசியமாகக் காப்பது வைத்தியரின் கடமை. ஒன்ராறியோவில் 2004 முதல் அதற்கென்று தனிச் சட்டமும் இருக்கிறது. ஏஜென்சிக்காரர் சொல்லித்தந்த பொய்யை வைத்தியரிடமும் சொல்லவேண்டாம்.