வருத்தத்தை மறைத்து வேலை செய்யாதீங்கோ

(புதிதாக வந்தோருக்கான எமது சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குச் சலரோகம். ஒவ்வொரு நாளும் இன்சுலின் ஊசி போடுகிறேன். இன்றைக்கு உங்கள் முன்னால் இதைச் சொல்லுகிறேன். ஆனால் அகதி அந்தஸ்து கிடைத்து முதல் வேலைக்குப் போனபோது ஒருவருக்கும் சொல்லவில்லை. பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. சொன்னால் நிற்பாட்டிப் போடுவினம் எண்டு பயம். ரொய்லெட்டுக்குள் ஒளிச்சு நிண்டு ஊசி போடுவேன். சாப்பிட நேரம் கிடைக்காது. ஒருநாள் விடியப்புறம் சீனி இறங்கி, காசு வாங்குகிற இடத்திலேயே மயங்கி விழுந்திட்டன். கண் முழித்தது ஆஸ்பத்திரியில்.

முதலாளி எங்கட ஆள்தான். வந்து பார்த்து, "தம்பி, இதை ஏன் முதலே சொல்லேல்லை?" எண்டு கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகுதான் சட்டம் தெரிய வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து மூன்றிலும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. 12 மாதமோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடிய, அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கிற வருத்தம் என்றால், சட்டம் அதை 'இயலாமை' என்று கணக்கெடுக்கும். மருந்தால் கட்டுப்பாட்டில் இருந்தாலும், மருந்து இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்றுதான் பார்க்கும். மனவருத்தமும் இதற்குள் அடங்கலாம். அப்படியானவருக்கு, வேலையில் நியாயமான மாற்றங்களை முதலாளி செய்து கொடுக்க வேண்டும். அந்தச் செலவை உங்களிடம் வாங்க முடியாது.

என்ன மாற்றம்? நேரத்துக்குச் சாப்பாட்டு இடைவேளை, இன்சுலின் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி, இரவு வேலைக்குப் பதில் பகல் வேலை, இருந்து செய்யக் கதிரை, கிளினிக்குக்குப் போக நேரம். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். நியாயமானதாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்று: முதலாளிக்குத் தெரியாத வருத்தத்துக்குச் சட்டம் பெரிதாக உதவாது. அதனால் சொல்லுங்கோ.

வேலைக்கு எடுக்க முதல் உங்கள் சுகநலம் பற்றி அவர்கள் பொதுவாகக் கேட்கக்கூடாது. வேலை கிடைத்த பிறகு, உங்கள் ஜிபியிடம் கடிதம் வாங்கி, வேண்டியதை எழுத்தில் கேளுங்கோ. பிரதி ஒன்றை வைத்திருங்கோ. மறுத்தால் 'ஏகாஸ்' அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். தீர்ப்பாயம் போகக் காலக்கெடு குறுகியது, பிந்தாதீங்கோ. எங்கட ஆளிட்டை எப்படிக் கேக்கிறது எண்டு கூச்சப்பட வேண்டாம். சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். நான் கேட்டேன். இப்போது பகல் வேலை, மத்தியானம் நேரத்துக்குச் சாப்பாடு.

இன்னும் முடிவு வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்துறை அமைச்சின் அனுமதி இல்லாமல் சம்பள வேலைக்குப் போகாதீங்கோ. உங்கள் ஏஆர்சி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கோ. ஆனால் ஜிபியிடம் இன்றைக்கே பதியலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கோ, அதற்குக் காசில்லை. உங்கள் வருத்தம் இப்போதே ஜிபியின் பதிவில் ஏறினால், நாளைக்கு வேலையிடத்தில் அதுவே உங்கள் சாட்சி.

நான் விழுந்துதான் படித்தேன். நீங்கள் விழ வேண்டாம்.