விலங்குக் கதைகளும் வளர்ந்த நாமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வி, வேலைவாய்ப்பு, போட்டித் தேர்வு ஆகியன குறித்து நமக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் விரிவாக உரைத்துவிட்டனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் செயலாளர் அவர்கள் சற்றுத் தயங்கினார். பட்டம் பெற்ற இளைஞர்கட்கு நரிக்கதையும் முயல்கதையும் எதற்கு என்னும் வினா அவர் முகத்தில் இருந்தது. நல்ல மனிதர், வாய் திறந்து கேட்கவில்லை. அவர் கேட்காத அவ்வினாவுக்கே இன்று விடை கூற முயல்கின்றோம்.

நாம் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது ஆசிரியர் ஒருவர் நீலநரிக் கதையைச் சொன்னார். உங்களில் பலரும் அறிந்த கதைதான். நாய்கள் துரத்த ஊருக்குள் ஓடிய நரியொன்று சாயத்தொட்டியில் விழுந்து நீல நிறம் பெற்றது. காட்டு விலங்குகள் அதனைக் கண்டு அஞ்சின. தெய்வமே தன்னை அரசனாக அனுப்பியதெனக் கூறி அது அரியணை ஏறியது. ஒருநாள் தொலைவில் நரிகள் ஊளையிடக் கேட்டுத் தானும் ஊளையிட்டது, குட்டு வெளிப்பட்டது, கொல்லப்பட்டது. கதையை முடித்த ஆசிரியர், "பிறவிக் குணம் போகுமா? சாயம் ஒருநாள் வெளுத்துத்தானே ஆகவேண்டும்?" என்று கூறி, பின்வரிசையில் இருந்த நம்மையும் நம் தெருப் பிள்ளைகள் இருவரையும் பார்த்தார். வகுப்புச் சிரித்தது. நாமும் சேர்ந்து சிரித்தோம். அச்சிரிப்பின் பொருள் வீட்டிற்கு வந்த பின்னரே நமக்கு உறைத்தது. அன்றுமுதல் நெடுங்காலம் விலங்குக் கதை என்றாலே நமக்கு வெறுப்பு.

பின்னர் ஆசிரியப் பணி ஏற்று, அதே கதையை நாமே நடத்த வேண்டி வந்தது. பாடநூலில் இருந்த அரைப்பக்கச் சுருக்கத்தைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. பூர்ணபத்திரர் என்னும் சமண முனிவர் 1199ஆம் ஆண்டில் செப்பம் செய்த பஞ்சதந்திரப் பாடத்தை ஆர்தர் ரைடர் என்பவர் 1925இல் ஆங்கிலத்தில் தந்துள்ளார். அதனைத் தேடிப் பிடித்துப் படித்தோம். படித்தபோது, நம் ஆசிரியர் சொன்னது பாதிக் கதை என்பது தெரிந்தது.

அரியணை ஏறிய நீலநரி முதலில் செய்த வேலை என்ன? சிங்கத்தை அமைச்சனாக்கிற்று, யானையை வாயிற்காவலன் ஆக்கிற்று, புலிக்கும் குரங்கிற்கும் ஆளுக்கொரு பதவி தந்தது. தன் இனமாகிய நரிகளையோ அடித்துக் காட்டைவிட்டே விரட்டிற்று. இச்செய்தி பாடநூலில் இல்லை. "தன்னவரைக் கைவிட்டு அயலாரைச் சேர்த்துக்கொள்பவன் இந்நரியைப் போல மாள்வான்" என்பதே மூலத்தில் அக்கதைக்குத் தந்த பொருள். பிறப்பு மாறாது என்பதன்று.

இன்னொன்றும் உண்டு. தொலைவில் ஊளை கேட்டபோது நீலநரியின் மயிர் சிலிர்த்தது, கண்களில் ஆனந்தக் கண்ணீர் பெருகிற்று, அதன் பின்னரே அது ஊளையிட்டது என்று மூலம் கூறுகின்றது. சிறுவர் பதிப்புகள் பலவற்றில் இக்கண்ணீரைக் காணோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை என்று எண்ணினர் போலும். ஆனால் ஊரை விட்டுச் சென்று, பட்டணத்தில் அலுவலகத்தில் அமர்ந்து, தன் தெருவின் பெயரை எவரேனும் கேட்டால் பேச்சை மாற்றி, பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் பேருந்து நிலையத்தில் நம்மூர்ப் பேச்சுக் காதில் விழுந்து நின்றுவிட்டவனுக்கு அக்கண்ணீர் இன்னதென்று விளங்கும். நமக்கும் அவ்வாறு ஓர் ஆண்டு இருந்தது. முதல் பணியிடத்தில் வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டி, பிறந்த தெருவைச் சொல்லாமல் மறைத்தோம். அதனை இம்மேடையில் சொல்ல இன்றும் கூச்சமாகத்தான் இருக்கின்றது.

கதையை யார் யாருக்குச் சொல்கிறார் என்பதனையும் சிறுவயதில் எவரும் கேட்பதில்லை. இக்கதையைச் சொல்வது தமனகன் என்னும் நரி. கேட்பது பிங்கலகன் என்னும் சிங்க அரசன். வெளியிலிருந்து வந்த சஞ்சீவகன் என்னும் எருது அரசனுக்கு நண்பனாகிவிட்டது. அரசவையில் செல்வாக்கை இழந்த தமனகன், நட்பைக் கெடுக்கவே இக்கதையை எடுத்துவிடுகின்றான். இறுதியில் எருது கொல்லப்படுகின்றது. ஆகவே "தன்னவரைக் கைவிடாதே" என்னும் நல்ல சொல்லையே ஒரு வஞ்சகன் தன் காரியத்திற்குப் பயன்படுத்துகின்றான்! உறவு, இனம், ஒற்றுமை என்று பேசி நம் தெருவில் வாக்குக் கேட்டு வருவோரைப் பலமுறை பார்த்த பின்னரே இந்த அடுக்கு நமக்குப் புலப்பட்டது. பத்து வயதில் நரியைப் பார்த்தோம்; முப்பதில் நரியின் கண்ணீரைப் பார்த்தோம்; ஐம்பதில் கதை சொல்பவனின் முகத்தைப் பார்க்கின்றோம். கதை மாறவில்லை.

பஞ்சதந்திரம் அரச குமாரர் மூவர்க்கு அறிவு புகட்டச் சொன்னதாகவே தொடங்குகின்றது. அரண்மனையில் நின்று உலகைப் பார்க்கும் நூல் அது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்திற்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும் சென்று, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகட்கும் பரவிற்று. ஆயினும் விலங்குக் கதைகள் எல்லாம் அரண்மனையில் பிறந்தவை அல்ல.

கிரேக்க நாட்டு ஈசாப்பின் பெயரைக் கேளாத பள்ளிப் பிள்ளை இல்லை. அவர் சாமோஸ் தீவில் இயாத்மோன் என்பவரிடம் அடிமையாக இருந்தவர் என்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் குறிப்பிடுகின்றார். அக்கதைகளை முதல் நூற்றாண்டில் இலத்தீனச் செய்யுளாக்கிய பீட்ரஸ் என்பவரும் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர். தம் மூன்றாம் நூலின் முகப்பில் அவர் ஓர் அரிய செய்தி கூறுகின்றார். அடிமை தான் நினைத்ததை வெளிப்படச் சொன்னால் தண்டனை. ஆதலின் தன் உள்ளத்தை விளையாட்டுக் கதைக்குள் மறைத்து வைத்தான். இவ்வகைக் கதை அப்படித்தான் பிறந்தது என்பது அவர் கருத்து. எல்லா நாட்டுக் கதைக்கும் இது பொருந்துமா என்பதில் அறிஞர்கள் வேறுபடலாம். அடிமையாயிருந்த ஒருவர் கூறுகின்றார் என்பதனால் நாம் அதனை மதிக்கின்றோம்.

அவருடைய கதையொன்று. கிழவர் ஒருவர் கழுதையை மேய்த்துக்கொண்டிருந்தார். பகைவரின் ஆரவாரம் கேட்டது. "ஓடி வா, பிடித்துவிடுவர்!" என்று கழுதையை அழைத்தார். கழுதை மேய்ந்தபடியே கேட்டது: "வருகின்றவர் என் முதுகில் இரண்டு பொதி ஏற்றுவாரா?" "இல்லை, ஒன்றுதான்" என்றார் கிழவர். "அப்படியாயின் நான் எவருக்குச் சுமந்தால் என்ன?" என்றது கழுதை. வகுப்பில் இதனைச் சொன்னால் பிள்ளைகள் கழுதையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நம் பாட்டனார் உயிரோடிருந்து, பண்ணையார் வீட்டு வாசலில் நின்ற காலத்தில் இதனைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாரா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் சொல்லிவந்த முயல்கதைகளும் இத்தகையனவே. நரி விரித்த கீல்பொம்மைப் பொறியில் முயல் ஒட்டிக்கொள்கின்றது. என்ன வேண்டுமானாலும் செய், அந்த முட்புதரில் மட்டும் வீசிவிடாதே என்று கெஞ்சுகின்றது. நரி வீசுகின்றது. முட்புதர்தான் முயல் பிறந்து வளர்ந்த வீடு! சிறுவனுக்கு இது தந்திரம். வாழ்ந்து பார்த்தவனுக்கோ, வலியவன் தண்டனை என்று நினைக்கும் இடத்திலேயே எளியவன் வேரூன்றி நிற்கின்றான் என்னும் செய்தி.

இக்கதைகளை 1880இல் நூலாக வெளியிட்டவர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்னும் வெள்ளையர். இளமையில் பண்ணையொன்றின் அச்சகத்தில் பணியாற்றியபோது, அங்கிருந்த அடிமைகள் சொல்லக் கேட்டவர் அவர். ஆனால் நூலில், மனநிறைவோடு எசமானர் வீட்டுச் சிறுவனுக்குக் கதை சொல்லும் முதியவர் ஒருவரைப் படைத்துவிட்டார். ஹாரிஸ் பிறந்த ஈட்டன்டன் ஊரிலேயே 1944இல் பிறந்த கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், தம் மரபின் ஒரு பகுதியையே அவர் களவாடிவிட்டார் என்று பின்னாளில் எழுதினார். நம் பாட்டிமார் சொன்ன கதைகளை நாமே எழுதி வைக்காவிடில் என்னாகும் என்பதனை இளைஞர்கள் இதிலிருந்து கருத வேண்டுகின்றோம். இவ்விழா மலரில் அத்தகைய கதை ஒன்றேனும் இடம்பெற்றிருக்கலாம்; இல்லை என்பது நமக்குக் குறையே.

'பிளாக் பியூட்டி' என்னும் குதிரைக் கதையைச் சுருக்கமாகக் குறிப்பிடுவோம். இங்கிலாந்தில் 1877இல் வெளிவந்தது. எழுதிய அன்னா சூவெல் அம்மையார் பதினான்கு வயதில் காலில் அடிபட்டு, வாழ்நாள் முழுதும் குதிரை வண்டியையே நம்பியிருந்தவர். அழகுக்காகக் குதிரையின் தலையைத் தூக்கி இழுத்துக் கட்டும் வாரின் கொடுமையைக் குதிரையின் வாயாலேயே சொல்ல வைத்தார். அவர் அதனைச் சிறுவர்க்கென எழுதவில்லை. குதிரைகளைப் பேணும் பணியாளர்க்கும் வண்டியோட்டிகட்கும் எழுதினார். பின்னர் உலகம் அதனைச் சிறுவர் அலமாரியில் வைத்துவிட்டது. நம் சங்க நூலகத்திலும் அங்கேதான் இருக்கின்றது. வளர்ந்தோர் கேட்டாலும் எடுத்துக் கொடுக்குமாறு நூலகப் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.

மீண்டும் நீலநரிக்கு வருவோம். சில ஆண்டுகட்கு முன் ஏழாம் வகுப்பில் முழுக் கதையையும், விரட்டப்பட்ட நரிகளையும் கண்ணீரையும் சேர்த்தே சொன்னோம். முடித்ததும் நம் பகுதியைச் சேர்ந்த மாணவியொருத்தி எழுந்தாள். "ஐயா, அந்த நரிகளை முதலிலேயே விரட்டாமல் கூடவே வைத்திருந்தால், எல்லா நரியும் சேர்ந்தே ஊளையிட்டிருக்குமே, அப்போது சிங்கம் என்ன செய்திருக்கும்?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகள் இக்கதையோடு பழகியும் அக்கேள்வி நமக்குத் தோன்றியதில்லை. வகுப்பையே விடை சொல்லச் சொன்னோம். மணி அடித்த பின்னும் பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருந்தனர்.