நிழலிலும் நிறமுண்டு
(பதுளையில் நடைபெற்ற மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எண்ணெய் வர்ணத்தில் உருவப்படம் தீட்டக் கற்றதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கற்றதைவிடக் கெடுத்த படங்களே அதிகம். கெடுத்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம்.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்துவந்த எமது பெரியம்மாவையே முதலில் தீட்டினோம். 'தசை நிறம்' என்று பெயரிட்ட வர்ணக் குழாயை வாங்கி முகமெங்கும் பூசினோம். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தோம். படத்தைப் பார்த்த பெரியம்மா, "ஏந்தம்பி, இது எந்தத் தொரைசானி?" என்றார். லயமே சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கி வளர்த்தவளின் நிறத்தை ஒருநாளாவது உற்றுப் பார்த்தோமில்லை! நாட்காட்டித் தேவியரின் வெளுப்பே அழகென்று கண் பழகிவிட்டிருந்தது.

வழி காட்டியவர்கள் பிரெஞ்சு ஓவியர்கள். 1874இல் மோனே, ரெனுவார், டெகா முதலியோர் பாரிஸில் தாமாகவே கண்காட்சி நடத்தினர். மோனேயின் சூரியோதயப் படத்துக்கு 'மனப்பதிவு' என்ற பெயரிருக்கக் கண்டு ஒரு விமர்சகர் கேலி செய்தார். அந்தக் கேலியே அவர்களுக்குப் பெயராயிற்று. நிழல் வெறுங் கறுப்பல்ல, சுற்றியுள்ளவற்றின் ஒளி அதிலும் விழுகிறது என்பதே அவர்கள் தூரிகையால் காட்டிய பாடம். நம் நாட்டில், 1943இல் கொழும்பில் தோன்றிய '43 குழு'வைச் சேர்ந்த ஹரி பீரிஸ் பாரிஸில் பயின்று உருவப்படத்தில் பேர்பெற்றவர். கொழும்பு செல்வோர் பார்ன்ஸ் பிளேஸிலுள்ள சபுமல் அறக்கட்டளை இல்லத்தைத் தேடிப் பாருங்கள்.

ஆடி மாதத்து ஞாயிறு காலை. வரண்ட காற்று, நமுனுகுல மலை துலக்கமாகத் தெரிந்தது. பெரியம்மாவை லயத்து வாசலில் இருத்தினோம். கறுப்புக் குழாயைத் தொடவேயில்லை. சுட்ட மண்ணின் நிறமான சியன்னாவையும் அல்ட்ராமரீன் நீலத்தையும் கலந்தால் ஆழ்ந்த தவிட்டு நிறம் வரும், அதுவே அடித்தளம். கண், மூக்கு என்று தொடங்காமல், கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சத்தையும் நிழலையும் பெரும் பரப்புகளாக வைத்தோம். முதற் பூச்சு டர்ப்பன்டைனில் மெல்லியதாக இருக்கவேண்டும். எண்ணெய் மிகுந்தது பின்னால் வரவேண்டும். மாற்றிச் செய்தால் நாளடைவில் வெடிக்கும். பிறகு பார்க்கப் பார்க்க நிறங்கள் வந்தன. நெற்றி மேட்டில் வானத்து நீலம், தாடையின்கீழ் சேலையின் சிவப்பு, கன்னத்தோரம் தேயிலைப் பச்சை! கறுத்த மேனியில் வானம் எத்தனை தெளிவாக மின்னுகிறதென்று அன்றுதான் கண்டோம். நிறங்களைக் குழைத்துவிடாமல் பக்கம் பக்கமாக வைத்தோம். பத்தடி தள்ளி நின்றால் கண்ணே கலந்துகொள்கிறது.

வெயில் இடம் மாறியதும் தூரிகையைக் கீழே வைத்துவிடவேண்டும். அதே வேளையில் நான்கு ஞாயிறு இருத்தினோம். பாதி நேரம் அவர் உறங்கினார். வாரமெல்லாம் மலையேறியவர், என்ன சொல்வது?

முடிந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். "மூக்குத்தி எங்க?" என்றார்.

அடுத்த ஞாயிறு அதையும் வைத்தோம். ஒரே ஒரு பொட்டு, சற்றே மஞ்சள் கலந்த வெள்ளை.