இடைமுகத்துக்கு ஏன் தனி ஜார்?

மென்பொருள் துறையில் இருக்கும் இளையவர்கள் சிலர் ஜாவா பற்றியும் பேசும்படி கேட்டிருந்தார்கள். பல வருடமாக அந்த மொழியில் நிரல் எழுதுகிறவன் என்ற முறையில், இன்று ஒரேயொரு விடயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இடைமுகம் என்பது, இந்த வேலையை இப்படிக் கேட்கலாம் என்று சொல்லும் ஒப்பந்தம். வேலையைச் செய்துமுடிப்பது செயலாக்கம். இரண்டையும் பிரித்து எழுதப் பலருக்குத் தெரியும். ஆனால் கடைசியில் இரண்டையும் ஒரே ஜார் கோப்பில் கட்டிவிடுகிறோம். பிறகு செயலாக்கத்தை மட்டும் கழற்றி எறிய முடியாது.

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். நிரல்களின் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் 'லாக்-ஃபோர்-ஜே' நூலகத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வெளியாள் அனுப்பும் ஒரு வரி எழுத்தை அது பதிவுசெய்தாலே போதும், அவனுடைய நிரலை எங்கள் கணினியில் ஓடவைக்கலாம். ஆபத்து மதிப்பீடு பத்துக்குப் பத்து! அந்த நூலகம் 'ஏபிஐ', 'கோர்' என இரண்டு ஜார்களாகவே வந்தது. ஓட்டை இருந்தது கோரில். ஏபிஐயை மட்டும் வைத்து, அடியில் வேறு செயலாக்கம் போட்டிருந்தவர்களை அது தொடவில்லை. ஏபிஐயை மட்டும் நம்பி எழுதியவர்கள் தங்கள் நிரலில் ஒரு வரியும் மாற்றாமல் கோரைக் கழற்றலாம். அமைப்புக் கோப்பைத்தான் புதிதாக எழுதவேண்டும். கோரின் வகுப்புகளை நேரடியாக அழைத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

2017இல் வந்த ஜாவா 9 இதற்கு மொழியிலேயே வழிவிட்டது. இடைமுகத் தொகுதி தன் பொதியை 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று வெளிக்காட்டும். செயலாக்கத் தொகுதி 'புரொவைட்ஸ்' என்று மட்டும் அறிவித்துத் தன் உள்வீட்டை மூடிவைக்கும். பாவிக்கிறவர் 'யூசஸ்' என்று எழுதினால், ஓடும் நேரத்தில் 'சர்வீஸ்லோடர்' இரண்டையும் இணைத்துவிடும்.

ஓஎஸ்ஜிஐ பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே இடைமுகத்தை இரண்டு பொதிகளுக்குள் பிரதிசெய்து வைத்தால், பெயர் ஒன்றானாலும் ஜாவாவுக்கு அவை இரண்டு வெவ்வேறு வகைகள். 'கிளாஸ்காஸ்ட்' பிழைதான் மிஞ்சும்.

இதற்காக எல்லா வகுப்புக்கும் இடைமுகம் எழுதி, பக்கத்தில் 'இம்பிள்' என்று வால் ஒட்டத் தேவையில்லை. அது வெறும் சடங்கு.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். செயலாக்க ஜாரை எடுத்துவிட்டு, இடைமுக ஜாரை மட்டும் வைத்து உங்கள் நிரலைத் தொகுத்துப் பாருங்கள். எந்த வரியில் நிற்கிறதோ அங்கேதான் கட்டு இருக்கிறது.