படகுக் காரும் இரண்டு எஞ்சின்களும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க, ஆனா யாரையும் தூங்க வச்சிடாதீங்க" என்று நம் செயலாளர் அண்ணன் நிபந்தனை போட்டிருக்கிறார். எனவே என் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு வண்டியைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். 1959-ஆம் ஆண்டு மாடல் செவர்லே பெல் ஏர். நீளம் ஏறக்குறைய 5.36 மீட்டர். அகலம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். பின்பக்கம் பறவை சிறகை விரித்த மாதிரி இருக்கும். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் அதைத் திருப்ப வேண்டுமானால் எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை உள்ளே தள்ளி உதவ வேண்டும். நம் ஜனங்கள் இந்த ரகத்துக்கு வைத்த பெயர் படகுக் கார். ரொம்பப் பொருத்தமான பெயர்.

அமெரிக்கக் கார் நமக்குப் புதிதல்ல. 1926-இல் ஃபோர்டு இந்தியாவில் கம்பெனி தொடங்கி, சென்னை, பம்பாய், கல்கத்தாவில் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்றது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் செவர்லேக்களைப் பூட்ட ஆரம்பித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, பூட்டினால் மட்டும் போதாது, பாகங்களையும் படிப்படியாக இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசு சொன்னது. இரண்டு கம்பெனிகளும் 1954 வாக்கில் கடையைக் கட்டின. (ஃபோர்டு திரும்பி வந்து நம் மறைமலை நகரில் கார் செய்ததும், 2022-இல் நிறுத்தியதும் உங்களுக்குத் தெரிந்த கதை.) அதன் பிறகு பெரிய அமெரிக்க வண்டி வேண்டுமென்றால் முக்கியமான வழி ஒன்று இருந்தது. தூதரகக்காரர்கள் ஓட்டிய வண்டியை எஸ்.டி.சி. எனப்படும் அரசு வணிகக் கழகம் விற்கும்போது வாங்குவது. எங்கள் வண்டி அப்படி வந்ததுதான். ஸ்டீயரிங் இன்னும் இடது பக்கமே இருக்கிறது.

வாங்கியவர் சினிமா ஷூட்டிங்குக்கு வண்டி வாடகைக்கு விடுபவர். டிரைவர் என் பெரியப்பா. மாமல்லபுரம் கடற்கரையில் எத்தனையோ நாள் அந்த வண்டி கேமரா முன்னால் நின்றிருக்கிறது. முதலாளிக்குத் தொழில் நொடித்ததும், பாக்கி வைத்த சம்பளத்துக்குப் பதிலாக 1979-இல் வண்டியைப் பெரியப்பாவிடமே கொடுத்துவிட்டார். லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓடும் வண்டியை வைத்துக்கொண்டு டிரைவர் என்ன செய்வார்? அந்த நாளில் பலரும் செய்ததையே அவரும் செய்தார். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, ஒரு வேனின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினை ஏற்றினார். ஆர்.சி. புத்தகத்திலும் முறைப்படி மாற்றி எழுதிக்கொண்டார். திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கல்யாணம், காதுகுத்து என்று இருபது வருஷம் ஓட்டினார். அந்த டீசல் சத்தத்தில்தான் அக்காவின் படிப்பும் கல்யாணமும் நடந்தன.

இறக்கிய பெட்ரோல் எஞ்சினை அவர் எடைக்குப் போடவில்லை. பிளக் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஆயில் ஊற்றி, பிளக்கைத் திருகி மூடி, கார்புரேட்டர் வாயில் துணி அடைத்து, மாட்டுக் கொட்டகை மூலையில் மரக்கட்டை மேல் ஏற்றி வைத்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை கையால் சுற்றி விடுவார். ஏன் என்று கேட்டால், "அது வண்டியோட பொறந்ததுடா" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு வியாபாரி வந்தார். உள்ளே ஜப்பான் எஞ்சின், ஏ.சி., பவர் ஸ்டீயரிங் எல்லாம் வைத்து கல்யாண ஊர்வல வண்டியாக்கப் போவதாகச் சொல்லி நல்ல விலை பேசினார். அக்கா என்னிடம் கேட்டார்: "அப்பாவுக்கு மாசாமாசம் மருந்து ஆகுது. இது மழையில துருப்புடிச்சு நிக்குது. எதுக்குடா வச்சிருக்கணும்?" அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பழைய பொருள் மேல் பாசம் வைப்பது சுலபம்; அதன் செலவை இன்னொருவர் தலையில் வைத்துவிட்டுப் பாசம் காட்டுவது சரியல்ல. வியாபாரி சொன்ன விலையையே தவணையில் அக்காவுக்குக் கொடுத்து வண்டியை நான் வாங்கிக்கொண்டேன். என் மனைவி சம்மதித்ததை இந்தச் சபையில் நன்றியோடு பதிவு செய்கிறேன்!

வேலை மூன்று வருஷம் பிடித்தது, ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். மாணவர்களுக்காக மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

முதலாவது உப்பு. இந்த மாடலின் சேசிஸ் எக்ஸ் வடிவத்தில் இருக்கும். கடல்காற்றின் உப்பு அதன் பெட்டி போன்ற பகுதிகளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். மேலே துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்தால், உள்ளே தங்கிய குளோரைடு கொஞ்ச நாளில் மறுபடி துருவைக் கிளப்பும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறையினர் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? ஈரக் காகிதக் கூழைக் கல் மேல் அப்புவார்கள். அது காயும்போது கல்லுக்குள் ஊறிய உப்பை வெளியே இழுத்துக்கொள்ளும். முதலில் உப்பு, பிறகுதான் மற்றது. நானும் அதே வரிசையில் போனேன். நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் அலசி, அந்த நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். வெண்மையாகக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேபில் செய்த அதே சோதனைதான். "இதெல்லாம் எங்க சார் உதவப் போகுது?" என்று கேட்கும் தம்பிகள் குறித்துக்கொள்ளவும்.

இரண்டாவது எரிபொருள். கொட்டகை எஞ்சின் ஆறு சிலிண்டர், 235 கன அங்குலம், அதாவது 3.85 லிட்டர். பிரித்துப் பார்த்தால் சிலிண்டர் சுவரில் துரு இல்லை! வளையங்களும் கேஸ்கெட்டுகளும் மட்டும் மாற்றினேன். ஆனால் இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் இவற்றை எத்தனால் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். அதில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். ஆகவே ரப்பரெல்லாம் எத்தனாலுக்குத் தாங்கும் ரகமாக மாற்றினேன். கார்புரேட்டர் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினேன். டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடுவதில்லை.

மூன்றாவது பாதுகாப்பு. "அந்தக் காலத்து இரும்பு சார், லாரி மோதினாலும் ஒண்ணும் ஆகாது" என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டில் ஒரு சோதனை செய்தது. இதே 1959 பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் ஓரமாக மோதவிட்டார்கள். பெல் ஏரில் ஆள் உட்காரும் அறையே நசுங்கியது. ஓட்டுநர் பிழைத்திருக்க மாட்டார். மாலிபு ஓட்டுநருக்குக் காலில் காயம் என்ற அளவோடு போயிருக்கும். முன்பகுதி மடங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், அறை மடங்கக் கூடாது. ஐம்பது வருஷத்தில் நம் தொழில் கற்றுக்கொண்டது அது. என் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் ஆயில் ஒரே பாதையில் போகிறது; எங்கே ஒரு குழாய் விட்டாலும் பிரேக்கே இருக்காது. அதனால் குழாய்கள் எல்லாம் புதிது. வேகம் ஐம்பதைத் தாண்டுவதில்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவதில்லை.

எல்லா வேலையும் நானே செய்யவில்லை. தகட்டு வேலை செய்த டிங்கர் பாய்க்கு எழுபது வயதுக்கு மேல். பட்டி போட்டுத் தேய்க்கிற ஆள் இல்லை அவர். ஈயத்தை உருக்கி, மரக்கரண்டியால் தடவி, அரத்தால் இழைத்து வளைவைக் கொண்டு வருவார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி, "இங்க ஒரு நூல் பள்ளம் இருக்கு" என்பார். அளவுகோல் வைத்துப் பார்த்தால் இருக்கும். அவர் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோடிலும் இப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் கூடாது.

அசல் வடிவம்! இந்த வார்த்தையில்தான் நான் பல நாள் நின்றேன். 1959-இல் தொழிற்சாலை கொடுத்தது அசலா? ஒரு குடும்பத்தைக் கரையேற்றிய டீசல் எஞ்சின் அசல் இல்லையா? விதியின்படி பதில் தெளிவு. முதல் பதிவில் உள்ள அதே எண் கொண்ட பெட்ரோல் எஞ்சினை, உரிய அனுமதியோடு மறுபடி ஏற்றினேன். டீசலை இறக்கிய அன்று பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "டேய், அத எடைக்குப் போட்டுடாத. அது சோறு போட்ட எஞ்சின்." வண்டியோடு பிறந்ததை அவர் இருபது வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார். சோறு போட்டதைக் காப்பாற்றுவது என் முறை.

போன தை மாதத்தில் ஒரு விடியற்காலை அவரை முன்சீட்டில் உட்கார வைத்துத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். கண் சரியாகத் தெரியாது. காதால்தான் வண்டியைப் பார்த்தார். பாதி வழியில், "மூணாவது சிலிண்டர் வால்வு கொஞ்சம் தட்டுது, பாரு" என்றார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். மூன்றாவதுதான்!

துறைத் தலைவர் அவர்களின் சம்மதத்தோடு அந்த டீசல் எஞ்சினை நம் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொடுக்கிறேன். ஒரு பக்கம் வெட்டித் திறந்து, ஸ்டாண்டில் பொருத்தி வைத்திருக்கிறோம். தம்பி தங்கைகள் பிஸ்டனும் வால்வும் நகர்வதைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். கூடவே ஒரு வேண்டுகோள். உங்கள் புராஜெக்டில் ஒன்றையாவது உங்கள் ஊர் டிங்கரிடமோ லேத்துக்காரரிடமோ உட்கார்ந்து செய்யுங்கள். அவர் கை செய்வதை அளந்து எழுதுங்கள். படம் வரையுங்கள். அவர் பெயரை முதல் பக்கத்தில் போடுங்கள்.