"நாளையிலிருந்து நீதான் இன்சார்ஜ்"

(ஒலிவடிவத்தில் வந்த பேச்சு, வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான் பேசப் போறேன்.

ஆஸ்பத்திரி நடத்துறவங்க என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கு. "நர்ஸ் யாருமே நிலைச்சு நிக்க மாட்டேங்கிறாங்க சிஸ்டர், வந்து ஆறு மாசத்துல போயிடறாங்க, என்ன பண்றது?" சம்பளம் ஒரு காரணம், அதை நான் மறுக்க மாட்டேன். 2017 நவம்பரில் மாதம் 7,700 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த அரசு ஒப்பந்த நர்ஸ்கள் சென்னையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். அந்தச் சம்பளத்தில் ஏன் நிற்கவில்லை என்று யாரையும் கேட்க முடியாது. ஆனால் சம்பளம் சுமாராக இருந்தும் நிற்கிற வார்டு இருக்கு, நல்லா கொடுத்தும் ஓடுகிற வார்டு இருக்கு. அதைப் பற்றித்தான் பேசணும். அதற்கு என் கதையையே சொல்றேன். அதில் நான் நல்லவள் இல்லை.

நான் ஜி.என்.எம். படித்தவள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸ். நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஒரு நாள் சாயங்காலம் சூப்பரின்டெண்ட் மேடம் கூப்பிட்டு, "நாளையிலிருந்து நீதான் இன்சார்ஜ், மெடிக்கல் வார்டு" என்றார். அவ்வளவுதான். ஒரு சாவிக்கொத்து, ஒரு இண்டென்ட் புத்தகம், பாதி எழுதின டூட்டி சார்ட், இது மூன்றும் கைக்கு வந்தது. படிக்கும்போது வார்டு நிர்வாகம் என்று ஒரு பாடம் இருந்ததுதான், பரீட்சை முடிந்த அன்றே மறந்தாச்சு. ஊசி நல்லா போடுகிறவளுக்கு ஆளை நடத்தவும் தெரியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

எனக்கு முன்னால் இருந்த இன்சார்ஜ் சத்தம் போடுவாங்க. எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். நானும் போட்டேன்.

இப்போ இன்சுலின் பற்றி ஒரு விஷயம் சொல்லணும். நர்ஸ்களுக்குத் தெரியும், மற்றவங்களுக்காகச் சொல்றேன். நம்ம ஊரில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் கிடைக்குது. ஒன்று ஒரு மில்லிக்கு 40 யூனிட், இன்னொன்று 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. விடியற்காலை வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் அப்படி ஒன்றும் பெரிசா வித்தியாசம் தெரியாது. எங்க வார்டில் இருந்தது 40. ஒரு நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்தது 100. நைட் டூட்டியில் இருந்த பெண், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், கேஸ் ஷீட்டில் இருந்த 12 யூனிட்டைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு வரை எடுத்துப் போட்டுட்டா. உள்ளே போனது 30 யூனிட்.

பாட்டிலைத் திரும்ப வைக்கும்போது லேபிளைப் பார்த்திருக்கா. உடனே டூட்டி டாக்டருக்குச் சொல்லி, எனக்கும் போன் பண்ணினா. குளுக்கோஸ் ஏற்றி, அரைமணிக்கு ஒருதரம் சுகர் பார்த்து, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனதற்குக் காரணம் அவள் வாயைத் திறந்தது மட்டும்தான்.

நான் ஏழரைக்கு வார்டுக்குள் வந்தேன். ஹேண்டோவருக்கு எல்லாரும் நிற்கிறாங்க, நோயாளிகளோட ஆட்களும் நிற்கிறாங்க. அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கத்தினேன். "கண்ணு தெரியலைன்னா எதுக்கு நர்ஸிங் படிச்சே?" என்று கேட்டேன். விளக்கக் கடிதம் எழுதி வாங்கி எச்.ஆருக்கு அனுப்பினேன். ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். இரண்டு மாதத்தில் அவள் வேலையை விட்டாள். "பொறுப்பில்லாத பொண்ணு, போகட்டும்" என்று நானே சொன்னேன்.

அதே வருடம், வேறொருத்தர். காலை பத்து மணிக்கு ஐயாவை எழுப்ப முடியவில்லை என்று அவர் மனைவி ஓடிவந்தாங்க. சுகர் 38. ஐ.சி.யுவில் மூன்று நாள் இருந்து பிழைத்தார். காரணம் என்னவென்று யாருக்கும் புரியவில்லை, சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று எழுதி முடித்தோம். ஒரு வருடம் கழித்து, வளைகுடாவுக்குப் போகிற ஒரு நர்ஸ் கடைசி நாள் கையெழுத்து வாங்க வந்தவள் சொன்னாள்: "மேடம், அன்னைக்கு நானும் அதே தப்பைத்தான் பண்ணேன். அந்த அக்காவுக்கு நடந்ததைப் பார்த்தப்புறம் சொல்ல பயமா இருந்துச்சு."

அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அதற்கப்புறம் செய்த முதல் வேலை ரொம்பச் சின்னது. வெளியிலிருந்து வருகிற இன்சுலின் ஃபார்மசி வழியாகத்தான் வார்டுக்குள் வரணும், 100-க்குத் தனி ட்ரே, அதனுடைய சிரிஞ்ச் அதே ட்ரேயில். மூன்று நாளில் முடிந்த வேலை. முதல் தப்பு நடந்த அன்றே செய்திருக்கலாம், கத்துகிற நேரத்தில் செய்திருக்கலாம்.

அடுத்தது கஷ்டமானது. தப்பு நடந்தாலோ, நடக்க இருந்து தப்பித்தாலோ, பேர் இல்லாமல் ஒரு நோட்டில் எழுதலாம் என்று வைத்தோம். முதல் மாதம் நோட்டு வெள்ளையாகவே கிடந்தது. பேர் இல்லாட்டி என்ன, கையெழுத்து தெரியாதா? பிறகு ஒரு கூட்டத்தில் எங்க சீனியர் பிசிஷியன் ஒருத்தர், கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிகிற கோபக்காரர் என்று பேர் வாங்கினவர், எழுந்து தான் ஒரு மருந்தின் அளவைத் தப்பாக எழுதியதையும் ஒரு நர்ஸ் கேட்டதால் மாற்றியதையும் சொன்னார். "அந்த சிஸ்டர் கேட்கலைன்னா நான் மாட்டியிருப்பேன்" என்றார். அந்த வாரம் நோட்டில் நாலு பதிவு வந்தது. மேலே இருப்பவர் முதலில் தன் தப்பைச் சொல்லாமல் இந்த மாதிரி எதுவும் நகராது, நான் பார்த்த வரையில்.

மூன்றாவது, புது நர்ஸ் மூன்று மாதத்திற்கு நைட் டூட்டியில் தனியாக நிற்கக் கூடாது, ஒரு சீனியரோடுதான் என்று கேட்டேன். பட்ரீஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸிங் பேராசிரியர் 1984-லேயே எழுதியிருக்காங்க, புதுசாக வருகிறவர் தேர்ந்தவர் ஆவதற்கு ஐந்து படி இருக்கு என்று. அதை நாம் படித்துவிட்டு, முதல் படியில் இருப்பவளைத்தான் ராத்திரி 15 நோயாளிக்கு ஒருத்தியாக நிறுத்துகிறோம். இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்கு பொது மருத்துவமனைக்கு 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனைக்கு 3 பேருக்கு ஒருத்தர். இந்தக் கணக்கை எத்தனை வார்டில் பார்த்திருக்கீங்க?

நிர்வாகம் சொன்னது: "நாம ட்ரெயினிங் கொடுப்போம், அவங்க துபாய் போவாங்க." அதற்கு அவர்கள் வைத்திருந்த மருந்து பாண்டு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது. சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைத்தால் ஆள் உடம்போடு இருப்பாள், மனசு எப்பவோ போயிருக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கோங்க. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது. பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் தாங்களே பயிற்சி கொடுக்கிறாங்க. நோயாளியைத் தயார் செய்வது, பரிசோதனை, கண்ணாடி அளவு என்று பெரும்பகுதி வேலை அவர்கள் கையில்தான். பயிற்சியைச் செலவுக் கணக்கில் எழுதியிருந்தால் அது நடந்திருக்குமா? கண் ஆஸ்பத்திரியும் மெடிக்கல் வார்டும் ஒன்றில்லை என்பது எனக்கும் தெரியும். அங்கே வேலை ஒரே மாதிரி, எங்களுக்கு ஒவ்வொரு கட்டிலும் ஒரு மாதிரி.

கடைசியில் மூன்று மாதம் கிடைக்கவில்லை, ஆறு வாரம் கிடைத்தது. ஆள் போவது நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஜெர்மன் மொழி படித்துக்கொண்டே டூட்டி பார்க்கிற பெண்கள் இப்பவும் எங்களிடம் இருக்காங்க, போகத்தான் போறாங்க. ஆனால் ஆறு மாதத்தில் அழுதுகொண்டு போகிறவங்க குறைந்தாங்க. இரண்டு, மூன்று வருடம் இருந்து, அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போறாங்க. போகிறவர்களைப் பிடித்து நிறுத்துவது இனி என் வேலை இல்லை என்று விட்டுட்டேன்.

இன்சார்ஜ் ஆக்குவதையும் மாற்றினோம். இப்போ ஒருத்தரை இன்சார்ஜ் ஆக்குவதற்கு முன் இரண்டு மாதம் பழைய இன்சார்ஜோடு உட்கார்ந்து டூட்டி சார்ட் போடணும். லீவு கேட்டவளுக்கு இல்லை என்று சொல்வது எப்படி, தப்பு செய்தவளைத் தனி அறையில் கூப்பிட்டுப் பேசுவது எப்படி, இதெல்லாம் ஊசி போடுவது மாதிரி பார்த்துப் பழக வேண்டிய வேலைதான்.

நாலு வருடம் முன்னால் அந்த முதல் பெண்ணின் நம்பரைத் தேடி வாங்கினேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள். யார் என்று சொன்னேன். அன்னைக்கு நான் செய்தது தப்பு, நீ செய்ததுதான் சரி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பரவாயில்ல மேடம். டூட்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அப்புறம் பேசவில்லை.

அடுத்த பகுதியில் டூட்டி சார்ட் போடுவது பற்றிப் பேசலாம், பண்டிகை லீவுச் சண்டைகளோடு சேர்த்து.